386-க்கு விடை கொடுத்த கதை

மலர்க் குழுவினர் "ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடுப்பா" என்று கேட்டார்கள. ராஜராஜன் காலம் வரை போக எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த சரித்திரம் ஒரு சிப்பைப் பற்றியது. அதை முதலில் பார்த்தது நம் கல்லூரி மெட்டீரியல்ஸ் லேபில்.

நான் 2010 செட். அந்த லேபில் இழுவிசைச் சோதனை மெஷினோடு ஒரு பழைய 386 கம்ப்யூட்டர் இருந்தது. டாஸ் மட்டும்தான் ஓடும். இரண்டாம் வருஷத்தில் நாங்கள் நாலு பேர் அதில் லினக்ஸ் ஏற்றிப் பார்க்கக் கிளம்பினோம். லேப் அஸிஸ்டென்ட் அண்ணன் மறித்துவிட்டார். "தம்பி, ஓடுறத ஓட விடுங்க. புதுசு போட்டு நின்னு போச்சுன்னா நாளைக்கு ப்ராக்டிகலுக்கு யாரு பதில் சொல்றது?" முணுமுணுத்துக்கொண்டே திரும்பினோம்.

386 சாதாரண சிப் அல்ல. இன்டெல் அதை 1985-ல் வெளியிட்டது. ஒரு ப்ரோகிராம் இன்னொன்றின் நினைவகத்தில் கை வைக்காதபடி வேலி போடும் வசதி அதில் இருந்தது. 1991 ஜனவரியில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 33 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 4 மெகாபைட் நினைவகமும் கொண்ட ஒரு 386-ஐ வாங்கினார். அதன் வசதிகளைப் பரீட்சை பண்ணிப் பார்க்க எழுதத் தொடங்கியதுதான் அதே வருஷம் லினக்ஸ் ஆயிற்று. ஆக, லினக்ஸ் பிறந்த வீடே 386தான்.

அதற்குள் 1989-லேயே 486 வந்திருந்தது. நினைவகத்தில் பழைய மதிப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் புது மதிப்பை ஒரே மூச்சில் எழுதும் ஆணை அதில் உண்டு, 386-ல் கிடையாது. பல பிராசஸர்கள் சேர்ந்து வேலை செய்ய இந்த ஆணை ரொம்ப அவசியம். இன்னொரு குறையும் இருந்தது. 'இந்தப் பக்கத்தில் எழுதாதே' என்று பூட்டு போட்டிருந்தாலும், லினக்ஸின் மையமான கெர்னலே எழுதும்போது 386 அந்தப் பூட்டை மதிக்காது. இந்தக் குறைகளை ஈடுகட்ட கெர்னலுக்குள் தனி ஒட்டுவேலைகள். புதிதாக எதை எழுதினாலும் "386-ல் என்ன ஆகும்?" என்று யோசித்தாக வேண்டும்.

386 உற்பத்தியை இன்டெல் 2007-ல் நிறுத்தியது. அதன் பிறகும் ஐந்து வருஷம் லினக்ஸ் அதைச் சுமந்தது. 2012 டிசம்பரில் இங்கோ மோல்னார் என்ற பொறியாளர் அந்த ஒட்டுவேலைகளை நீக்கும் திருத்தத்தை அனுப்பினார். லினஸின் முதல் 386-லும் இனி புது லினக்ஸ் ஓடாது என்று வருத்தமும் தெரிவித்தார். லினஸோ, தனக்கு அப்படியெல்லாம் பாசம் கிடையாது, தொலைந்தது நல்லது என்கிற தோரணையில் ஏற்றுக்கொண்டார்! 2013 பிப்ரவரியில் வந்த 3.8-லிருந்து 386-க்கு இடமில்லை. ஆனால் 3.7 வரையிலான பழைய கெர்னல்களை யாரும் அழிக்கவில்லை. புதுப்பிப்பதை நிறுத்தினார்களே தவிர, இருப்பதைப் பிடுங்கவில்லை.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது நான் ஒரு தப்பு செய்த பிறகுதான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டர் என் பொறுப்பு. லேப் அண்ணன் சொன்னதை நினைத்து "ஓடுறத ஓட விடுவோம்" என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷத்தில் நெட்வொர்க் வழியாக வைரஸ் புகுந்து, பக்கத்து மெஷின்களுக்கும் பரவி, இரண்டு நாள் வேலை நின்றது. அண்ணனின் 386 தனிக்கட்டை, அதில் எந்த வயரும் வெளியே போகவில்லை. என் எக்ஸ்பி ஊரோடு பேசிக்கொண்டிருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

இப்போது இதே கேள்வி நம் கல்லூரி வாசலில் நிற்கிறது. எங்கள் செட் 2014-ல் வாங்கிக் கொடுத்த இருபது கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப்பும், பெரும்பாலும் 2017-க்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். நம் மெஷின்கள் தேறாது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். அடுத்த அப்டேட் வருமா என்பதற்கு உத்தரவாதமில்லை.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா அண்ணா?" என்று ஒரு ஜூனியர் தம்பி கேட்டான். வேண்டாம் தம்பி. இன்டர்நெட் தேவைப்படும் மெஷின்களுக்கு, இன்னும் அப்டேட் வரும் 64 பிட் லினக்ஸ் போடுவோம். சோதனைக் கருவியோடு பிணைந்தவற்றை அப்படியே விட்டு, நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிடுவோம். பென் டிரைவும் கண்டபடி நுழையக் கூடாது. இரண்டுக்கும் வழியில்லாதவற்றுக்கு மட்டும் விடை கொடுப்போம். மெஷினின் வயதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது யாரோடு பேசுகிறது என்று பாருங்கள்.

சங்கமம் முடிந்த மறுநாள் காலை லேபில் உட்காருவதாக இருக்கிறேன். வர முடிந்த நண்பர்கள் வாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் நான் கொண்டு வருகிறேன், டீ உங்கள் செலவு.