துண்டுச் சீட்டும் உதைபந்தும்

ஒரு கழகத்தின் உதைபந்தாட்டக்காரரை மற்றொரு கழகம் பெருந்தொகை கொடுத்து வாங்கிவிட்டது என்னும் செய்தி இக்காலத்தில் நாள்தோறும் காதில் விழுகின்றது. கண்டிப் போகம்பரைத் திடலிலே பந்துதைக்கும் சிறுவனும் அச்செய்தியை அறிவான். ஆனால், அங்கே வாங்கப்பட்டது யாது? மனிதனை மனிதன் விலைக்கு வாங்கும் வழக்கம் ஒழிந்து நெடுங்காலமாயிற்றே என்று நேயர்கள் வினவுதல் கூடும். வாங்கப்படுவது மனிதன் அல்லன். அவனுடைய பெயர்ப் பதிவே என்பது அதற்கு விடை.

ஆட்டக்காரன் ஒருவன் ஒரு கழகத்துக்கு ஆடவேண்டுமானால், அவன் பெயர் அக்கழகத்தின் பெயரால் சங்கத்தில் பதிவாகியிருத்தல் வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் அவனை அழைத்துக்கொள்ள விரும்பும் கழகம், பழைய கழகம் அவனை விடுவித்தற்கு ஈடாக ஒரு தொகை செலுத்துகின்றது. அத்தொகை பெரும்பாலும் தவணை தவணையாகவே கட்டப்படும். சம்பளத்தைப் பற்றி ஆட்டக்காரனோடு தனியே பேசி, அவன் உடன்பாட்டையும் பெறுதல் வேண்டும். நாடு விட்டு நாடு செல்வோனுக்கு உலகச் சங்கத்தின் விதிப்படி மாற்றுச் சான்றிதழ் ஒன்று வரவேண்டும். அங்ஙனம் செலுத்தும் தொகையில் நூற்றுக்கு 5 பங்கு, அவனை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும்.

இம்முறை இங்கிலாந்திலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாயிற்று. 1905இல் அல்ஃப் கொமன் என்பவர் 1,000 பவுணுக்குச் சண்டர்லாந்துக் கழகத்திலிருந்து மிடில்ஸ்பரோக் கழகத்துக்கு மாறியபோது ஆங்கில நாடே வியந்தது. அக்கால விதியில் கொடியதொரு முடிச்சு இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் பதிவைக் கழகம் தன் கையிலேயே வைத்திருக்கலாம். விடுவிக்காவிடில் அவன் வேறெங்கும் ஆட முடியாது. வேலை முடிந்தது, விடுதலை இல்லை என்பதே அதன் பொருள்.

ஏறத்தாழ அதே காலத்தில், இங்கிலாந்துக்கு அப்பால், நம் கண்டிச் சீமையிலும் இதனையொத்த ஒரு முறை நிலவிற்று. அங்கே பந்து இல்லை. கொழுந்துக் கூடையே இருந்தது. அம்முறைக்குத் ‘துண்டு’ என்று பெயர்.

1820களிலே கன்னொறுவையிலும் கம்பளையிலும் கோப்பிப் பயிர் தொடங்கிற்று. பின்பு இலைநோயினால் கோப்பி அழிய, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நாட்டிய தேயிலை மலைகளெங்கும் பரவிற்று. 1854இல் கண்டியிலே தோட்டத்துரைமார் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்தனர். தொடக்க காலத்தில் அம்மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியிலே மாண்டவர் பலர். வழிச்செலவுக்கென்று கொடுத்த முன்பணம், மலையேறுமுன்னரே அவர்கள் தலையிற் கடனாக ஏறிவிட்டது.

சட்டப்படி அவர்கள் அடிமைகள் அல்லர். ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படுவது. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம். ஆனால், கடன் தீராமல் விலகுதல் எங்ஙனம்? சொல்லாமற் சென்றால் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறை. சொல்லிச் சென்றாலும், பழைய தோட்டத்தின் சீட்டு இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. இந்த இடுக்கிலேதான் துண்டு பிறந்தது. ‘இக்கங்காணியும் இவன் கூட்டத்தாரும் இவ்வளவு தொகை தரவேண்டியவர்கள்; அதனைச் செலுத்துவோர்க்கு இவர்களை விடுவிப்போம்’ என்று துரை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அதனை மடியிற் கட்டிக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் செல்வான். அத்தொகையைக் கட்டும் துரையின் தோட்டத்துச் செக்ரோலிற் கூட்டத்தாரின் பெயர்கள் ஏறும்.

ஆள் தேவை மிகுந்த காலங்களிலே, சிறப்பாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர்ப் பயிர் பெருகியபோது, துண்டுக்குப் போட்டி உண்டாயிற்று. எடுத்துக்காட்டாக, ஒரு கூட்டத்தின் கடன் 2,000 ரூபா என்று கொள்வோம். புதிய துரை ஆள் வேண்டி 2,500 ரூபா கொடுக்கிறார். பழைய கடன் போக எஞ்சிய 500 ரூபா பெரிய கங்காணியின் கைக்குச் செல்லும். ஆனால், புதிய தோட்டத்துக் கணக்கிலே 2,500 ரூபாவும் கூட்டத்தின் கடனாகவே எழுதப்படும். அடுத்த மாற்றத்தில் அது 3,000 ஆகலாம். லயத்தை மாற்றுந்தோறும் கடன் வளர்ந்தது. கொழுந்து பறித்த பெண்ணோ, கவ்வாத்து வெட்டிய ஆணோ அதில் ஒரு சதத்தையும் கண்ணாற் கண்டிலர். தான் மட்டும் பிரிந்து போக நினைத்த குடும்பத்துக்கு வழியில்லை. சீட்டு கூட்டத்துக்கே உரியது.

இங்கேதான் இரு முறைகளுக்கும் உள்ள வேற்றுமை தெற்றென விளங்குகின்றது. ஆட்டக்காரனுக்காகக் கொடுத்த தொகை புதிய கழகத்தின் செலவு. அவன் அதனைத் திருப்பித் தரவேண்டியதில்லை. தொழிலாளிக்காகக் கொடுத்த தொகையோ அவனுடைய கடன். தன்னை விற்ற விலையைத் தானே உழைத்துக் கட்டவேண்டியவனாக அவன் இருந்தான்.

இக்கொடுமைக்கு எதிராக எழுந்த குரல்களிற் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் குரல் தலையாயது. அவர் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, வேலையை விட்டவனைச் சிறையிலிடும் சட்டத்தை நீக்கவேண்டும் என்று போராடினார். இந்திய அரசாங்கமும் தன் மக்களின் நிலைபற்றி நெருக்கிற்று. முடிவில் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிற் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தலைமுறைகளாகச் சுமந்த தோட்டக் கடன் செல்லாக் கடனாயிற்று. கூலி உயர்வும் குடியுரிமையும் பின்னரும் நெடிய போராட்டங்களுக்கு உரியனவாகவே நின்றன. எனினும், கால்கள் மட்டுமேனும் தம்முடையவை என்று சொல்லும் நிலை வந்தது.

உதைபந்தாட்டக்காரர் அந்த நிலையை அடைய மேலும் பல ஆண்டுகள் சென்றன. நியூகாசில் கழகம் தம்மை விடுவிக்க மறுத்தமையால் வழக்காடிய ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாமுக்கு 1963இல் நீதிபதி வில்பர்போர்ஸ் சார்பான தீர்ப்பு அளித்தார். ஒப்பந்தம் முடிந்தவனைப் பிடித்து வைத்தல் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்பது அத்தீர்ப்பு. 1995 டிசெம்பர் 15இல் பெல்ஜிய நாட்டுப் பொஸ்மன் வழக்கிலே, ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரன் வேறோர் உறுப்பு நாட்டுக் கழகத்துக்குச் செல்லத் தொகை கேட்கலாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் விதித்தது. பெரும் புகழும் பெரும் சம்பளமும் பெற்றோர் 1995இல் அடைந்ததன் சாரத்தை, பெயரறியாத மலையகத் தொழிலாளர் 1921இலேயே அடைந்தனர்.

ஒருவன் வேலையை மாற்றும்போது கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. சீட்டு யார் கையில் இருக்கிறது? பணம் யாரிடம் செல்கிறது? அது யார் தலையிற் கடனாக விழுகிறது? ஆட்டத் திடலாயினும், தேயிலை மலையாயினும், கடல் கடந்து வேலைக்குச் செல்வோர் கையொப்பமிடும் ஒப்பந்தமாயினும், இம்மூன்றுக்கும் விடை கண்டவனே தன் நிலையை உண்மையில் அறிந்தவன். கண்டி மலைச் சரிவுகளில் அவ்விடையைக் காண நம் முன்னோர் கொடுத்த விலை மிகப் பெரிது.