மரத்தூளும் நட்சத்திரமும்

மே மாதப் பிற்பகல், கள்ளக்குறிச்சியில் வியர்த்துக் கொட்டுகிறதா? கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து, கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்குப் போய் இறங்குங்கள். நல்ல காற்று, பைசா செலவில்லை! ஆனால், வீட்டைத் தூக்கி மலைமேல் வைக்க முடியாதே... ஏ.சி. கடைக்குத்தான் போயாக வேண்டும்.

குளிர்ச்சியை விலைக்கு வாங்குவது நமக்குப் புதுசு இல்லை. 1833-ல் ஃபிரெடரிக் டூடர் என்கிற பாஸ்டன் வியாபாரி, 'டஸ்கனி' கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றி கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடல் பயணம். வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் இருந்தது! மந்திரமில்லை. மரத்தூள், மரப்பட்டைத் தூள் என்று எதையாவது சுற்றி அடைத்து, வெப்பத்தை அண்டவிடாமல் செய்யும் வித்தை அவருக்குத் தெரியும். அந்த ஐஸைப் பத்திரப்படுத்த 1842-ல் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் - இன்றைய விவேகானந்தர் இல்லம்.

1902-ல் கேரியர் என்ற அமெரிக்க இன்ஜினீயர் நவீன ஏ.சி-யை வடிவமைத்தார். அதுவும் மனிதர்களுக்காக அல்ல. புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி அச்சானதாம்!

ஐஸ் போய் மின்சாரம் வந்தது. டூடரின் கவலை மட்டும் போகவில்லை. ஜன்னல் இடுக்கில் நுழையும் வெப்பத்தை வெளியே தள்ளத்தான் மெஷின் மூச்சுவாங்குகிறது. இடுக்கை அடைத்து, திரை போடுங்கள். 18-ல் வைக்காமல் 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

நட்சத்திர லேபிளும் அவர்கள் வேலைதான். 2006-ல் ஆரம்பித்து, 2010-ல் ஏ.சி-க்குக் கட்டாயமானது. லேபிளில் வருஷத்தையும் பாருங்கள். விதிகளை அவ்வப்போது இறுக்குவதால், பழைய ஐந்து நட்சத்திரம் இன்று ஐந்தாக நிற்காது. கீழே இருக்கும் வருடாந்திர யூனிட், 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. அதாவது, தினம் 8 மணி நேரம், 200 நாள். ஒன்றரை டன்னில் மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் சுமார் 200 யூனிட் வித்தியாசம் வரும். யூனிட் 8 ரூபாய் என்றால், வருஷத்துக்கு 1,600 ரூபாய். மே மாதம் மட்டும் ரெண்டு மணி நேரம் போடுகிறவர் ஐந்துக்கு அதிகம் கொடுப்பது, என்னைக் கேட்டால், வீண்.

தினமும் ராத்திரி முழுக்க ஓடும் வீடு என்றால் கதை வேறு. நம்மூரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். அந்தக் கோட்டைத் தாண்ட வைப்பது பெரும்பாலும் ஏ.சி-தான். பழைய கரன்ட் பில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.