தாழ்ந்த சுழற்சியில் தயங்கும் இயந்திரம்



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் மகிழுந்து இயந்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். மகிழுந்துகளின் வரலாற்றைப் படிப்பது என் நெடுநாள் வழக்கம். அது பயன்படும் நாள் ஒன்று சென்ற மாதம் வந்தது.

என் முன்னாள் மாணவன் ஒருவன் தன் தாயாருடன் வீட்டிற்கு வந்தான். தன் பழைய கஞ்சிலுக்கு டர்போ இயந்திரம் பொருத்தியவன், அது போதாதென்று, ஒரு பட்டறைக்காரரின் சொற்படி இன்னும் பெரிய டர்போவையும் அகன்ற புகைக்குழாயையும் மாட்டியிருந்தான். தோட்டச் சாலையிலிருந்து பெருஞ்சாலையில் ஏறும்போது வண்டி நகராமல் தயங்கியிருக்கிறது; எதிர்ப்பட்ட லாரி மயிரிழையில் விலகிச் சென்றிருக்கிறது. தாயார் அப்போது அருகில் அமர்ந்திருந்தார். "நீங்கள் சொன்னால்தான் கேட்பான் சார்" என்றார்.

ஸ்பார்க் பிளக்கையும் எரிபொருள் வடிகட்டியையும் அவன் ஏற்கெனவே மாற்றிவிட்டான். பயனில்லை. "எந்தச் சுழற்சியில் வண்டி விழித்துக்கொள்கிறது?" என்று கேட்டேன். "3,500க்கு மேல் பறக்கும் சார்" என்றான்.

அங்கேதான் விடை இருந்தது. எரிபொருள் போதாமல் போனால், அதிகம் தேவைப்படும் உயர் சுழற்சியில்தான் இயந்திரம் முதலில் திணறும். இவனுடையதோ கீழே தூங்கி மேலே பறக்கிறது. குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிந்தாலும் டர்போ தாமதமாகவே எழும் என்பதால் அவற்றைச் சோதிக்கச் சொன்னேன். கசிவில்லை. ஆக, எதுவும் பழுதாகவில்லை; பொருத்தம்தான் பிழை.

இந்தச் சிக்கல் டர்போவுடனேயே பிறந்தது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரம் இன்னொன்றைச் சுழற்றிக் காற்றை இயந்திரத்திற்குள் அழுத்தும். சுழற்சி குறைவாயிருக்கும்போது புகையும் குறைவு, சக்கரம் எழாது. சக்கரம் பெரிதாக ஆக, எழுப்பப் புகையும் அதிகம் வேண்டும். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடும் கப்பலுக்கு இது குறையே அன்று. நின்று நின்று புறப்படும் மகிழுந்துக்கோ பெருங்குறை.

அமெரிக்காவில் 1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் டர்போவுடன் விற்பனைக்கு வந்து, மறு ஆண்டே நின்றுபோனது. எனக்கு அதைவிடச் சுவையானது 1973இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ. அழுத்திய காற்றால் எரிபொருள் தானே வெடிக்காதிருக்க, அதன் அமுக்க விகிதத்தை 6.9 ஆகக் குறைத்தனர். சாதாரண 2002இல் அது 8.5. ஆகவே டர்போ எழும்வரை அதன் இயந்திரம் மந்தமாகவே இழுத்தது. எழுந்ததும் 170 குதிரைத்திறன் ஒரேயடியாகப் பாய்ந்தது. எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1,672 வண்டிகளோடு அதன் கதை முடிந்தது.

சுவீடனின் சாப் நிறுவனம் மாற்றி யோசித்தது. 1977இல் அது காட்சிக்கு வைத்த 99 டர்போவில் சிறிய சக்கரத்தைப் பொருத்தினர். விரைவில் எழும், அழுத்தம் மிகுந்தால் ஒரு கதவு திறந்து உபரிப் புகையை வெளியேற்றிவிடும். 2 லிட்டர் இயந்திரத்திலிருந்து 145 குதிரைத்திறன்தான். உச்ச வலுவைத் துரத்தாமல், அன்றாடச் சாலையில் வேண்டிய இழுவிசையை நாடினார்கள். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதையெல்லாம் தாளில் வரைந்து காட்டினேன். வகுப்பில் ஒருநாளும் அவன் இவ்வளவு கவனமாக அமர்ந்ததில்லை!

இரு வாரம் கழித்துப் பழைய சிறிய டர்போவையே திரும்ப மாட்டினான். "மேலே கொஞ்சம் குறைந்துவிட்டது சார், ஆனால் அந்தச் சந்தியில் மிதித்தவுடன் ஏறுகிறது" என்றான். அகன்ற புகைக்குழாயை மட்டும் இன்னும் கழற்றவில்லை. அதன் ஓசையைப் பற்றி அவனுடைய அண்டை வீட்டார் இப்போது என்னிடம் முறையிடுகின்றனர்.