படுக்கைப் புண்

எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் தோலும் அதன் அடித்திசுவும் நெடுநேரம் அழுத்தப்படுவதால், நுண்ணிய குருதிக் குழாய்களில் ஓட்டம் தடைப்பட்டுத் திசு அழிந்து உண்டாகும் காயம் படுக்கைப் புண் எனப்படும். அடிமுதுகு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, பின்தலை ஆகியவை இதற்கு எளிதில் இலக்காகின்றன. அழுத்தம் மட்டுமே காரணமன்று. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும்போது, தோல் விரிப்போடு ஒட்டி நிற்க உள்ளிருக்கும் எலும்பு கீழ்நோக்கிச் சரிவதால் எழும் சறுக்கு விசையும், சிறுநீர், வியர்வை ஆகியவற்றின் ஈரமும் கேட்டை விரைவுபடுத்துகின்றன.

இப்புண்ணின் நான்கு நிலைகளுள் முதலாவதன் அடையாளம், விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பாகும். கருநிறத் தோலில் இது கண்ணுக்கு எளிதில் புலப்படாது என்பதால் (பாடநூற் படங்கள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலையே காட்டுவது பெருங்குறை), வெப்பம், கடினம், வலி ஆகியவற்றைச் செவிலியர் தொட்டும் கேட்டும் அறிதல் வேண்டும். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரியும்; மூன்றாவதில் கொழுப்பும் நான்காவதில் தசையோ எலும்போ வெளிப்படும்.

இடர்ப்பாட்டை மதிப்பிட உதவும் பிரேடன் அளவுகோல், உணர்திறன், ஈரம், நடமாட்டம், அசைவு, ஊட்டம், உராய்வு ஆகிய ஆறு கூறுகளுக்கு மொத்தமாக 6 முதல் 23 வரை மதிப்பெண் தருகிறது. எண் குறையக் குறைய இடர் மிகும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்புதல் மரபான வழக்கமெனினும், இடைவெளியை அவரது தோலின் நிலையே தீர்மானிக்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுதல் திசுவை மேலும் சிதைக்குமாதலால் விலக்கத்தக்கது.