கடலில் தகவல் பகிர்வு: மண்டைக்காட்டுக் கரையும் ரோபோ திரளும்

மண்டைக்காடு, கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையே உள்ள கடற்கரை ஊர். வெளியூர்க்காரர்களுக்குப் பகவதியம்மன் கோயிலால் தெரிந்த ஊர். இக்கரையில் மீன்பிடிக்கும் வள்ளங்களுக்குத் தலைவன் கிடையாது. அக்கம்பக்கத்து வள்ளத்தைப் பார்த்தும் கேட்டும் ஒவ்வொன்றும் தன் போக்கை முடிவுசெய்கிறது. பொறியியலாளர்கள் ரோபோ திரள் என்று அழைப்பதும் இத்தகைய கூட்டத்தைத்தான்.

கட்டுமரக் காலத்தில் தூண்டில்காரர்கள் கடலடிப் பார்களை கரை அடையாளங்களைக் கொண்டு கண்டுபிடித்தனர். மலைமுகடும் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். அப்படி இரண்டு கோடுகள் வெட்டும் இடமே பார். இந்த அறிவை எளிதில் வெளியே சொல்லமாட்டார்கள். இதைத் தன்னலம் என்று மட்டும் சொல்வது சரியல்ல. எல்லா மரமும் ஒரே பாருக்குப் போனால் அங்கே மீன் மிஞ்சாது. ஜி.பி.எஸ். வந்த பின் அந்த ரகசியம் யாரும் படியெடுக்கக்கூடிய சில எண்களாகிவிட்டது.

2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரூபன்ஸ்டைன், ராதிகா நாக்பால் குழுவினர் 1,024 சிறு ரோபோக்களைத் தாமாகவே அணிசேர்ந்து வடிவங்களாக நிற்கச் செய்தனர். ஒவ்வொன்றும் அகச்சிவப்பு ஒளியால் அருகிலுள்ளவற்றோடு மட்டுமே பேசியது. அதே வகை ரோபோக்களைக் கொண்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு, பேசும் தொலைவைக் குறைத்தால் திரள் மாற்றங்களுக்கு விரைவாகப் பழகுகிறது என்று காட்டியது. எல்லோரும் எல்லோரிடமும் பேசும்போது பழைய பெரும்பான்மைக் கருத்து புதிய செய்தியை அமுக்கிவிடுகிறது.

மீன் இருக்கும் இடத்துக்கு இது பொருந்தும். புயலுக்குப் பொருந்தாது.

2017 நவம்பர் 29 அன்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்தது. ஒக்கி புயலாகிவிட்டது என்ற அறிவிப்பு 30ஆம் தேதிதான் வந்தது. அப்போது அது கன்னியாகுமரிக் கடலிலேயே இருந்தது. தூத்தூர் வட்டார ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே போயிருந்தன. அங்கே கைப்பேசி எடுக்காது. வயர்லெஸ் செட் அருகிலுள்ள படகுகளுக்கே எட்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தனர் அல்லது காணாமல் போயினர்.

2019இல் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை தரும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது. அது ஒருவழிக் கருவி. கரை சொல்வதைப் படகு கேட்கலாம், படகு பதில் சொல்ல முடியாது. புயலுக்குள் நிற்பவனிடமே புயலைப் பற்றிய முதல் செய்தி இருக்கும் என்பதால் இது பாதி வேலைதான். இருவழிக் குறுஞ்செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்டது.