சம்பந்தர் காலமும் ஒரு கிறிஸ்தவ மாத சஞ்சிகையும்

க.பொ.த. வகுப்பில் தேவாரம் படிப்பிக்கும்போது, "திருஞானசம்பந்தர் எத்தனையாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்?" என்று கேட்டால் மாணவர்கள் உடனே "ஏழாம் நூற்றாண்டு, சேர்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று மறுகேள்வி கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அது வந்த வழியில் ஒரு கிறிஸ்தவ மாத சஞ்சிகை நிற்கிறது. ஸ்கொட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிமார் நடத்திய சஞ்சிகை அது.

1837இல் ஜோன் அன்டர்சன் என்ற பாதிரியார் சென்னையில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். 1843இல் ஸ்கொட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது அவர் சுயாதீனத் திருச்சபையின் பக்கம் போனார். பள்ளிக்கூடமும் அவரோடு போயிற்று. 1862இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லர் அதனைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்த்தெடுத்தார். ஆட்களை மதம் மாற்றித் தொகை காட்டுவதைவிட, கல்வியினூடாக ஒரு சமுதாயத்தின் சிந்தனையில் தமது சமயக் கருத்துகளை ஊறச் செய்வதே பெரிது என்று எண்ணியவர் மில்லர். அவருடைய சொந்தச் சபையிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. 1883இல் கல்லூரியின் பெயரால் ஓர் ஆங்கில மாத சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது.

அடுத்த வருஷமே அது உலகம் முழுவதும் பேசப்பட்டது. அடையாற்றில் 1882 முதல் நிலைகொண்டிருந்த பிரம்மஞான சபையின் பிளவாட்ஸ்கி அம்மையாருக்கு, கண்காணா மகாத்மாக்களிடமிருந்து கடிதங்கள் வந்து விழுவதாக அக்காலத்தில் பெரும் பேச்சு. அவரோடு மனம் முறிந்த கூலோம் தம்பதியர், அம்மையார் தமக்கு எழுதியவை என்று சொல்லிச் சில கடிதங்களைக் கொண்டுவந்து கொடுக்க, 1884 செப்டெம்பர் இதழில் ஆசிரியர் பற்றர்சன் பாதிரியார் அவற்றை வெளியிட்டார். அற்புதங்கள் யாவும் ஏற்பாடு செய்யப்பட்ட வித்தைகளே என்பது குற்றச்சாட்டு. இலங்கை நேயர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. அந்தத் தம்பதியர் இங்கிருந்து போனவர்கள். பிளவாட்ஸ்கியும் ஒல்கொட்டும் 1880இல் காலியில் பஞ்சசீலம் ஏற்றவர்கள். லண்டனிலிருந்து விசாரிக்க வந்த ஹொட்ஜ்சன் அம்மையாருக்கு எதிராகவே 1885இல் அறிக்கை எழுதினார். நூறு வருஷத்தின் பின், 1986இல், வேர்ணன் ஹரிசன் என்ற ஆவண நிபுணர் அந்த அறிக்கை பக்கச்சார்பானது என்று எழுதினார். வழக்கு இன்னும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று: 1884 டிசெம்பரில் அம்மையார் சென்னைக்குத் திரும்பியபோது அவருக்கு வரவேற்புப் பத்திரம் வாசித்தவர்கள், அதே கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர்கள்!

இந்தப் பரபரப்போடு சஞ்சிகையின் கதையை முடித்துவிடுகிறவர்கள் பலர். எமக்கு வேண்டியது அதன் பின்னால்தான் இருக்கிறது.

கால்ட்வெல் ஐயர் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது; ஆனால் தமிழ் இலக்கியத்தின் காலத்தைக் கணிப்பதில் அவர் கை மிகவும் இறுகியது. சம்பந்தர் சைவத்துக்கு மீட்ட கூன்பாண்டியனும், மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தரபாண்டியனும் ஒருவரே என்று கொண்டு, சம்பந்தரைப் 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குத் தள்ளிவிட்டார். அப்படியானால் எங்கள் நிலைமை என்ன? நறுவிலிக்குளத்தில் இருந்து வடக்கே வங்காலையைத் தாண்டிப் போனால் மாதோட்டமும் பாலாவியும் திருக்கேதீச்சரமும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தது 1560இல். கால்ட்வெல் கணக்குச் சரியென்றால், சம்பந்தர் பதிகம் அவர்கள் வருவதற்கு முந்நூறு வருஷத்துக்குள் பாடப்பட்டதாகும். ஏழாம் நூற்றாண்டு என்றால் இடைவெளி ஏறக்குறையத் தொள்ளாயிரம் வருஷம். இடிந்து மண்மூடிக் கிடந்த அக்கோயிலை மீளக் கட்டவேண்டும் என்று 1872இல் ஆறுமுக நாவலர் எழுதினார். காணி வாங்கப்பட்டது 1893இல். ஆகவே சம்பந்தர் காலம் என்பது வெறும் பரீட்சை வினாவன்று.

அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில், 1891இல், திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம்பிள்ளை சம்பந்தர் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி எழுதினார். 'மனோன்மணீயம்' வெளிவந்ததும் அதே வருஷம்; கால்ட்வெல் காலமானதும் அதே வருஷம். சைவக் குரவரின் காலத்தை நிறுவும் அந்தக் கட்டுரை அச்சேறியது பாதிரிமாரின் சஞ்சிகையில்! பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பிக் காலம் சொல்லலாகாது என்பது அவர் வாதம். நூலுக்கு நூல் முன்பின் பார்த்து, சாசனங்களோடு ஒப்பிட்டு, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிந்தியவராக இருக்க முடியாது என்று காட்டினார். ஒரு பேராயரின் முடிபை மறுக்கிறது என்று சஞ்சிகை அதனை ஒதுக்கவில்லை. அவர்கள் சைவத்தை விரும்பியதால் அல்ல. ஆதாரத்தோடு வந்ததற்கு இடம் கொடுப்பது என்ற கல்லூரிப் பழக்கம் சபைப் பற்றைவிட அங்கே ஒரு முழம் கூடுதலாக இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அதே கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற்கலைஞரும், ஆங்கிலம் கற்பித்த மு. சி. பூரணலிங்கம்பிள்ளையும் 1897இல் 'ஞானபோதினி' என்ற தமிழ் மாத சஞ்சிகையை வெளியிட முன்னின்றனர். பிரெஸ்பிட்டேரியன் சபை 1908இல் வேறு சபைகளோடு கூடித் தென்னிந்திய ஐக்கிய சபையாயிற்று. அந்த ஐக்கியத்தில் 'உதயதாரகை'யை நடத்திய யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் இருந்தன. 1947இல் எல்லாம் தென்னிந்தியத் திருச்சபையுள் அடங்கின.

சுந்தரம்பிள்ளையின் கட்டுரை 1895இல் நூலாக வந்தது. ஏறக்குறைய அதே வேளையில் சாசன அறிஞர் வெங்கையா வேறொரு வழியால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். சம்பந்தர் தம் பாட்டிற் போற்றிய சிறுத்தொண்டர் வாதாபிப் போருக்குச் சென்றவர் என்று பெரியபுராணம் கூறும். பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியை அழித்தது 642ஆம் ஆண்டளவில். சுந்தரம்பிள்ளை 1897இல், நாற்பத்திரண்டு வயதில், காலமானார்.