கோப்புகளின் அடியிற் கிடந்த நீதி
டென்மார்க்கிற் குற்றவியல் நீதிக் கல்வியும் எம்மவர் வழக்கும்

கிரின்ஸ்டெட்டிலும் அதனைச் சூழவுள்ள யூலண்ட் நகரங்களிலும் வாழும் எமது பெற்றோரிடம், பிள்ளை எதைக் கற்கவேண்டும் என்று வினவினால், மருத்துவம், பொறியியல் என்னும் இரு விடைகளே முந்தி வரும். பல்கலைக்கழகத்திற் குற்றவியல் நீதியைக் கற்கப்போகிறேன் என்று ஒரு மகள் கூறினால், "கள்ளரோடும் பொலிசோடும் உனக்கென்ன பிள்ளை வேலை?" என்று கேட்கும் தாய்மாரே அதிகம்.

அக்கேள்வியின் காரணத்தை நாம் அறிவோம். தாயகத்திற் சட்டத்தின் பெயரால் எமக்கு நேர்ந்தவை அத்தகையன. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை வழக்கின்றித் தடுத்துவைக்க இடமளித்தது. பொலிஸ் உதவி அத்தியட்சகரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்றது. அத்தகைய சட்டத்தின் நிழலிலிருந்து தப்பிவந்தோருக்கு நீதிமன்றம் என்ற சொல்லே கசப்பது இயல்பு. எனினும், இந்நாட்டில் எமது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், குற்றவியல் நீதியைக் கற்றோர் அதில் வகித்த பங்கு தெளிவாகத் தெரியும்.

அகதியாக வாழ்ந்த பேராசிரியர்

கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் 1479இல் நிறுவப்பட்டது. சட்டத்துக்கெனத் தனித் தேர்வு அங்கு 1736இல் ஏற்படுத்தப்பட்டது. குற்றவியல் சட்டமும் குற்றவியல் நடைமுறையும் அச்சட்டக் கல்வியின் கிளைகளாகவே வளர்ந்தன. கைது செய்யப்பட்டவர் 24 மணித்தியாலத்துள் நீதிபதிமுன் நிறுத்தப்படவேண்டும் என்பது இந்நாட்டு அரசியலமைப்பின் விதி. பதினெட்டு மாதத்தை அறிந்த எமக்கு அந்த 24 மணித்தியாலத்தின் பெறுமதியை எவரும் விளக்கவேண்டியதில்லை.

1935இல் அப்பல்கலைக்கழகத்திற் குற்றவியல் சட்டப் பேராசிரியரானவர் ஸ்டெபான் ஹூர்விட்ஸ். யூத வழிவந்த அவர், 1943இல் நாசிகள் டென்மார்க் யூதரைப் பிடிக்க முனைந்தபோது, கடல் கடந்து சுவீடன் சென்ற ஏறத்தாழ 7,000 பேருடன் தாமும் அகதியானார். ஸ்டொக்ஹோமில் டெனிஸ் அகதிகளுக்கான அலுவலகத்தையும் நடத்தினார். போர் முடிந்து நாடு திரும்பியவர் 1948இற் குற்றவியல் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார்.

1953ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அரசாங்க அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்க ஒம்புட்ஸ்மன் என்னும் பதவியை உருவாக்கிற்று. 1955இற் பாராளுமன்றம் அப்பதவிக்கு முதன்முதலாகத் தெரிந்தெடுத்தவர் இதே ஹூர்விட்ஸ். ஒம்புட்ஸ்மனுக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. ஆவணங்களை வரவழைத்து ஆராயலாம். சட்டம் மீறப்பட்டதா என்று பகிரங்கமாகக் கூறலாம். அந்தக் கூற்றின் வலிமை முப்பது ஆண்டுகளின் பின் எமது வழக்கில் வெளிப்பட்டது.

1987 செப்டெம்பர்

1983இல் நிறைவேறிய வெளிநாட்டவர் சட்டம், அகதியாக ஏற்கப்பட்டவர் தம் மனைவி பிள்ளைகளை அழைப்பதை ஓர் உரிமையாக்கியது. அந்நம்பிக்கையுடன் எம்மவர் விண்ணப்பங்களை நிரப்பிவிட்டுக் காத்திருந்தனர். 1987 யூலை 29ஆம் நாள் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. தமிழர் விரைவில் நாடு திரும்பலாம் என்ற எண்ணம் டெனிஸ் அதிகார மட்டத்தில் எழுந்தது. செப்டெம்பரில் நீதியமைச்சர் எரிக் நின் ஹன்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் குவியலின் அடியில் வைக்கும்படி பணித்தார். அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்துடனான போர் மூண்டது. குண்டு விழுந்த ஊரில் மனைவி. பனி விழுந்த ஊரிற் கணவன். இருவருக்கும் இடையில் எவரும் திறக்காத ஒரு கோப்பு.

முறைப்பாடுகள் ஒம்புட்ஸ்மனிடம் சென்றன. அப்போது அப்பதவியில் இருந்தவர் ஹன்ஸ் கமெல்டொப்ட் ஹன்சன். அவரும் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்தவர். குற்றவியல் நடைமுறையை ஆராய்ந்து நூல் எழுதியவர். விண்ணப்பங்களை வேண்டுமென்றே தாமதித்தமை சட்டத்துக்கு முரணானது என அவர் 1989இற் கண்டறிந்தார். 1990இல் நீதிபதி மொன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை தொடங்கிற்று. 1993 சனவரி 14ஆம் நாள் அவரது அறிக்கை வெளியானது. பாராளுமன்றத்துக்குத் தவறான தகவல் கொடுத்தார் எனக் குற்றங்காணப்பட்ட பிரதமர் போல் சுலூட்டர் பதவி விலகினார். 1982 முதல் நிலைத்திருந்த ஆட்சி, அகதிகளின் கோப்புகளால் வீழ்ந்தது.

பின்னர் நின் ஹன்சன், அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றமான ரிக்ஸ்ரெட்டின் முன் நிறுத்தப்பட்டார். 1910க்குப் பின் அம்மன்றம் கூடியது அதுவே முதன்முறை. 1995 யூன் 22ஆம் நாள், 73 வயதான அவருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ஒரு நாளும் சிறையில் இருக்கவில்லை. காத்திருந்த குடும்பங்கள் இழந்த காலமும் மீளவில்லை. ஆயினும், சட்டம் கொடுத்த உரிமையைத் தாமதத்தினாற் பறிப்பதும் குற்றமே என்று ஏட்டிற் பதிவாயிற்று.

கல்வி எதற்கு?

இவ்வரலாற்றில் நாம் மறைக்கக்கூடாத ஒன்றுண்டு. நீதியமைச்சில் அக்கட்டளையை நிறைவேற்றிய உயர் அதிகாரிகளும் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றவர்களே. விசாரணை அறிக்கை அவர்களிற் பலரையும் கண்டித்தது. ஒரே நூல்களைக் கற்றோரிற் சிலர் வாய்மூடி இருந்தனர், சிலர் எழுதினர். கல்வி ஒருவருக்குக் குற்றத்தை அடையாளங்காணும் கண்ணைத் தருகின்றது. கண்டதைக் கூறும் துணிவை அவரவர் வீட்டிலும் வாழ்விலும் இருந்தே பெறவேண்டும். அகதி வாழ்வை அறிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது அந்நியமானதன்று.

அதன் தேவையும் முடிந்துவிடவில்லை. 2021 டிசெம்பர் 13ஆம் நாள், புகலிடம் கோரிய இளந்தம்பதியரைச் சட்டத்துக்கு மாறாகப் பிரித்துவைக்கச் செய்தமைக்காக முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டொய்பர்க் 60 நாட் சிறைத்தண்டனை பெற்றார். இம்முறை தண்டனை ஒத்திவைக்கப்படவில்லை. பிரிக்கப்பட்டோர் வேறு நாட்டவர். ஆனால் அவ்வேதனையை நாம் அறிவோம்.

ஆகவே, ஓகூஸ் நகரிலோ கோப்பன்ஹேகனிலோ சட்டம் கற்று, குற்றவியல் நீதியில் மேலும் தேர்ச்சிபெற விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். மூன்றாண்டு இளமாணியும் ஈராண்டு முதுமாணியுமாக ஐந்தாண்டுப் படிப்பு அது. அம்மகள் நாளை அமர்ந்திருக்கும் மேசைக்கு எவரோ ஓர் அகதியின் கோப்பு வரும். அதை அடியில் வைக்கும்படி கூறப்படும் வேளையில், அக்கட்டளை குற்றம் என்று அறிந்த ஒருத்தி அங்கிருக்கட்டும்.